தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க: ஃபிஷ் ஃபைண்டர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதாசில ஆறு கடிதாசு தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி ஆழத்தையும் மீனையும் ஸ்கிரீன்ல காட்டுற ஃபிஷ் ஃபைண்டர பத்தி, அதுலயும் எல்லாமே அந்த சத்தத்த அனுப்பி எதிரொலிய வாங்குற, போட்டுக்கு அடியில தண்ணிக்குள்ள கெடக்குற டிரான்ஸ்டியூசர பத்தி, அதனால மத்த கேள்விங்கள அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். பட்டர்வொர்த்துல சின்ன பட்டறை வச்சி போட் எலக்ட்ரானிக்ஸ் பார்க்குற ஆளு நான். என்கிட்ட "செத்துப் போச்சு"ன்னு கொண்டு வர்ற டிரான்ஸ்டியூசர்ல நெறைய உண்மையில சாகல. அத தூக்கிப் போட்டுட்டு சில நூறு வெள்ளி கொடுத்து புதுசு வாங்கி மாட்டி, அடுத்த வாரமே அதே கோளாறோட திரும்பி வந்தவங்கள பார்த்திருக்கேன், கடல்ல கஷ்டப்பட்டு சேத்த காசு அப்படி போறது எனக்கு மனசு கேக்கல, அதான் கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

கேள்வி: என்னோடது 18 அடி ஃபைபர் போட், 40 குதிரை அவுட்போர்டு எஞ்சின். மூக்கா ஹெட் பக்கம் தூண்டிலுக்கு போவேன். நின்னா ஆழம், கடலோட அடி எல்லாம் சரியா காட்டுது, வேகம் புடிச்சா ஸ்கிரீன்ல அந்த அடியோட கோடு அறுந்து போயி ஆழத்தோட எண் மின்ன ஆரம்பிச்சிடுது. ஃபோர்மன் (மெக்கானிக்) டிரான்ஸ்டியூசர் போச்சு, மாத்தணும்னு சொல்றாரு. மாத்திடலாமா?
– வாசகர், தெலுக் பஹாங்

பதில்: மாத்தாதீங்க அண்ணே, இப்போதைக்கு காச பையிலயே வச்சிக்குங்க. நின்னுகிட்டு இருக்கறப்ப அடி தெளிவா தெரியுதுன்னா சத்தம் கீழ போகுது, எதிரொலி மேல வருது, மெஷின் அத படிக்குது, மூணும் ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம். மொதல்ல ஒரு சின்ன சோதனை பண்ணிடுங்க, ஜெட்டியில கட்டி வச்ச போட்லயே மெஷின ஆன் பண்ணிட்டு பின்னால இருக்குற பிளக்கையும் கேபிளையும் கையால நல்லா ஆட்டிப் பாருங்க, அப்ப ஸ்கிரீன் அறுந்தா பிளக்குலயோ ஒயர்லயோ லூசு. அறுக்கலன்னா உங்க பிரச்சினை காத்து. போட் ஓடறப்ப டிரான்ஸ்டியூசரோட மூஞ்சிக்கு அடியில காத்து குமிழி வந்து நிக்குது.

ஏன் காத்துக்கு இவ்வளவு பயப்படணும்னா, கடல் தண்ணியில சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 1500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்துல அடிய தொட்டுட்டு திரும்பி வர 60 மீட்டர், அதுக்கு 40 மில்லி செகண்ட்தான் ஆகுது. அந்த நேரத்த அளந்துதான் மெஷின் உங்களுக்கு ஆழத்த சொல்லுது. ஆனா தண்ணியில போற சத்தம் காத்த தொட்டதும் சுவத்துல அடிச்ச பந்து மாதிரி அப்படியே திரும்பிடும், ஒரு விரல் அகலத்துக்கு நுரை இருந்தா போதும், கீழ கடல் இருக்குறதே மெஷினுக்கு தெரியாது.

அந்த நுரை எங்கேருந்து வருதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும், ஏன்னா ஒவ்வொரு போட்டும் ஒரு மாதிரி. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு, வேற ஆள ஓட்டச் சொல்லிட்டு, பின்பலகைய ஒரு கையால கெட்டியா புடிச்சிக்கிட்டு பின்னால தண்ணி போட்ட விட்டு வெளியாகுற எடத்த பாருங்க. சில எடத்துல தண்ணி கண்ணாடி மாதிரி வழுவழுன்னு வெளிய வரும், சில எடத்துல வெள்ளையா பொங்கிக்கிட்டு வரும். அந்த வெள்ளைக்கு நேர் முன்னால பார்த்தீங்கன்னா போட்டோட அடியில நீளமா ஓடுற ஒரு மேடோ, தண்ணி உள்ள இழுக்குற ஓட்டையோ, ஆணித் தலையோ இருக்கும். டிரான்ஸ்டியூசர் அந்த மேட்டுக்கு பின்னால இருந்தா எத்தனை புதுசு மாத்தினாலும் வேலைக்கு ஆகாது. கண்ணாடி மாதிரி தண்ணி வர்ற எடத்துக்கு மாத்துங்க. எஞ்சினோட காத்தாடியில (புரொப்பெல்லர்) இருந்து குறைஞ்சது 15 இன்ச்சு தள்ளி இருக்கட்டும். நம்ம ஊர் அவுட்போர்டுல பெரும்பாலும் பின்னாலேருந்து பார்த்தா காத்தாடி கடிகாரம் சுத்துற பக்கம் சுத்தும், அதாவது வலது பக்கத்துல இறக்கை கீழ இறங்குது, நுரைய மேல தள்ளாது, அதனால வலது பக்கம்தான் நல்லது.

அடுத்தது உயரம். ஃபைபர் போட்டுக்கு டிரான்ஸ்டியூசரோட அடி போட்டோட அடிய விட சுமார் 3 மில்லிமீட்டர் கீழ இருக்கணும், அலுமினிய போட்டா இருந்தா 10 மில்லிமீட்டர். வேகத்துல கோடு அறுந்தா கொஞ்சம் கொஞ்சமா எறக்கி ஓட்டிப் பாருங்க, ஒரே அடியா எறக்கிட்டா பின்னால தண்ணி மயில் தோகை மாதிரி பீய்ச்சி அடிக்கும், மரக்கட்டை மோதினா பிராக்கெட்டே பேந்துடும். சாய்மானமும் முக்கியம், போட் தண்ணியில ஓடுற நிலையில டிரான்ஸ்டியூசர் மட்டமா இருக்கணும். நிறுத்தி வச்ச போட்டுக்கு அடியில ஒரு மீன் நீந்தி போனா வில்லு மாதிரி முழுசா வளைஞ்சி தெரியணும், பாதி வில்லு மட்டும் திரும்பத் திரும்ப தெரிஞ்சா சாஞ்சி கெடக்குதுன்னு புரிஞ்சிக்கலாம்.

இத்தனை தடவ ஏத்தி எறக்கணும்னா பின்பலகைய சல்லடை ஆக்கிடுவோமேன்னு நீங்க நெனப்பீங்க. அதுக்கு நான் பண்றது, சமையல் கட்டுல காய் வெட்டுற கெட்டியான வெள்ளை பிளாஸ்டிக் பலகை இருக்குல்ல, அத ஒரு கை அகலத்துக்கு அறுத்து, போல்ட்ட சீலண்ட் தடவி பின்பலகையில ஒரே ஒரு தடவ நல்லா முடுக்கிடுவேன், பிராக்கெட்டோட ஸ்குரூ எல்லாம் அந்த பலகையோட நின்னுடும், பத்து ஓட்டை போட்டாலும் போட்டுக்கு ஒண்ணும் ஆகாது. பின்பலகைக்கு உள்ள பெரும்பாலும் மரம் இருக்கும், சீலண்ட் இல்லாம விட்ட ஒரு சின்ன ஸ்குரூ ஓட்டை வழியா தண்ணி எறங்கி உள்ளுக்குள்ள ஊறி ஊறி, எஞ்சினையே தாங்க முடியாம போன போட்ட நான் பார்த்திருக்கேன். ஓட்டை போட்டா சீலண்ட் போடணும், இதுல தயவு செஞ்சி சோம்பல் படாதீங்க.

எதுவுமே சரிப்பட்டு வரலன்னா போட்டுக்கு உள்ள வச்சி அடிக்கிற வழி ஒண்ணு இருக்கு. ஃபைபர் கெட்டியா, நடுவுல நுரையோ மரமோ இல்லாம இருந்தா சத்தம் அது வழியா போகும். ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் பையில தண்ணி ஊத்தி அதுக்குள்ள டிரான்ஸ்டியூசர போட்டு, போட்டோட அடியிலயும் கொஞ்சம் தண்ணி தெளிச்சி பைய அது மேல அழுத்தி வைங்க. வெளிய தொங்க விட்டா காட்டுற ஆழமும் இதுல காட்டுற ஆழமும் ஒண்ணா இருந்தா அந்த எடத்துல எபாக்ஸி போட்டு ஒட்டலாம், எபாக்ஸிக்குள்ள ஒரு குமிழி கூட இருக்கக் கூடாது. கொஞ்சம் சத்து கொறையும், தண்ணியோட சூடு சரியா காட்டாது, ஆனா பினாங்கு சுத்தி இருக்குற ஆழத்துக்கு அது போதும்.

கேள்வி: ஜெட்டியில கட்டி வச்சிருந்த போட்ல எலி ஏறி டிரான்ஸ்டியூசர் கேபிள கடிச்சி துண்டாக்கிடுச்சி. வெட்டி சேத்து டேப் சுத்தினா போதுமா?
– வாசகர், பத்து மாவுங்

பதில்: டேப் மட்டும் போதாது. இத ரொம்ப உறுதியா சொல்றேன், ஏன்னா தொழிலுக்கு வந்த புதுசுல நானே அப்படி சேத்திருக்கேன். வீட்டு ஒயருக்கு போடுற பிளாஸ்டிக் டெர்மினல்ல ஸ்குரூ வச்சி முடுக்கி, மேல கருப்பு டேப்ப நல்லா இறுக்கி சுத்தி கொடுத்தேன், அன்னிக்கி படம் அருமையா வந்துச்சி. கொஞ்ச நாள் கழிச்சி அந்த போட்காரர் திரும்ப வந்தாரு, டேப்ப பிரிச்சா உள்ள செம்பு ஒயரு பச்சை மாவா உதிருது. உப்பு தண்ணி டேப்புக்கு அடியில பூந்து வெளிய போக முடியாம அங்கேயே தங்கி ஒயர தின்னுருக்கு. டேப் தண்ணிய தடுக்கல, தண்ணிய புடிச்சி வச்சிக்கிச்சி.

அந்த கேபிள் சாதாரண ஒயர் கெடையாது. அனுப்புற சத்தம் பெருசு, திரும்பி வர்ற எதிரொலி ரொம்ப ரொம்ப சின்னது, அந்த சின்ன சிக்னல எஞ்சின் கரன்ட்டுகிட்ட இருந்து காப்பாத்ததான் ஒயர சுத்தி வலை மாதிரி ஒரு கவசம் பின்னி இருக்காங்க. வெட்டினா அந்த கவசமும் அறுந்து போகுது. கடிச்ச எடம் போட்டுக்கு உள்ள, தண்ணி படாத எடத்துல இருந்தா சேத்துப் பார்க்கலாம். நிறத்துக்கு நிறம் ஒயர சால்டரிங் பண்ணுங்க, ஒவ்வொண்ணு மேலயும் உள்ள பசை இருக்குற ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி இறுகுற குழாய்) போடுங்க, சாதாரண ஹீட் ஷ்ரிங்க் வேணாம், பசை உருகி ஓரத்துல வழியணும். அப்புறம் அந்த கவச வலைய ரெண்டு பக்கமும் இழுத்து சேத்து அதையும் சால்டரிங் பண்ணுங்க, பல பேரு இத விட்டுடறாங்க, விட்டா படம் முழுக்க பொரி பொரியா வரும். எல்லாத்துக்கும் மேல ஒரு பெரிய ஹீட் ஷ்ரிங்க், அந்த இணைப்ப உயரத்துல கட்டுங்க, போட்டோட அடித் தண்ணி அத தொடவே கூடாது.

கடிச்ச எடம் வெளியில, தண்ணி அடிக்கிற பக்கம்னா புதுசு வாங்குறதுதான் ஒழுங்கு. புதுசு போடறப்ப கேபிள் நீளமா இருக்குன்னு வெட்டாதீங்க, வளையமா இறுக்கி சுத்தியும் வைக்காதீங்க, பாம்பு மாதிரி வளைச்சி வளைச்சி மடிச்சி கட்டுங்க. எலிக்கு நான் சொல்ற ஒரே வழி கேபிள பிளாஸ்டிக் குழாய்க்குள்ள விட்டு ஓரத்த அடைக்கிறது. மீன் இரை வச்ச டப்பாவ போட்ல விட்டுட்டு போகாதீங்க, எலி அதுக்குத்தான் ஏறுது, கேபிள் போற வழியில கெடைச்சது.

கேள்வி: நான் பொலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். மாமாவோட பழைய டிரான்ஸ்டியூசர் வீட்டுல கெடக்குது. அத திறந்து ரிப்பேர் பண்ண முடியுமா? உள்ள என்னதான் இருக்கு?
– மாணவர், பெர்மாத்தாங் பாவ்

பதில்: திறக்க முடியாது தம்பி, திறந்தா உடைச்சதுதான். ஆனா உள்ள என்ன இருக்குன்னு கேட்டது எனக்கு ரொம்ப சந்தோஷம், ஃபிஷ் ஃபைண்டர் வச்சிருக்கவங்க யாரும் இத கேக்க மாட்டாங்க.

உள்ள இருக்குறது ஒரு பீங்கான் வில்லை. பழைய 50 காசு அளவுலயும் இருக்கும், இன்னும் பெருசாவும் இருக்கும், ரெண்டு பக்கமும் வெள்ளி பூச்சு, ரெண்டு பக்கத்துலயும் ஒரு ஒயரு. அதுல கரன்ட் கொடுத்தா அது துளி விரியும், கரன்ட்ட திருப்பினா துளி சுருங்கும், இத ஒரு செகண்டுல 2 லட்சம் தடவ செஞ்சா அதுதான் 200 கிலோஹெர்ட்ஸ். அதே வில்லைய சத்தம் வந்து அமுக்குனா அது கரன்ட்ட திருப்பிக் கொடுக்கும், பேசுறதும் அதுதான் கேக்குறதும் அதுதான். அமுக்குனா கரன்ட் வர்ற இந்த குணத்த 1880ல பியர் கியூரியும் அவரு அண்ணன் ஜாக் கியூரியும் படிகக் கல்லுல கண்டுபிடிச்சாங்க. மீன் பிடிக்கிறவங்க கையில அது வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சி, ஜப்பான்ல நாகசாகியில ஃபுருனோ சகோதரர்கள் 1948ல தொழிலுக்கு உதவுற மாதிரி ஃபிஷ் ஃபைண்டர கொண்டு வந்தாங்க, உங்க மாமாவோட மெஷினுக்கு அதுதான் பாட்டன்.

வில்லைக்கு பின்னால கார்க்கோ நுரையோ வச்சி, சத்தம் கீழ மட்டும் போற மாதிரி பண்ணி, எல்லாத்தையும் பிசின் ஊத்தி இறுக வச்சிடுவாங்க. அதனாலதான் திறக்க முடியாது. ஆனா சோதிச்சுப் பார்க்கலாம். மல்டிமீட்டர ஓம்ல வச்சா பல டிரான்ஸ்டியூசர்ல ஒண்ணுமே காட்டாது, அத பார்த்து ஒயர் அறுந்துடுச்சின்னு முடிவு பண்ணாதீங்க, அந்த வில்லை ஒரு கெப்பாசிட்டர் மாதிரி, நேர் கரன்ட்ட விடாது. சிலதுல உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அது ஓம் கொறைச்சலா காட்டும், அதுவும் ஷார்ட் இல்ல. மீட்டர்ல கெப்பாசிட்டன்ஸ் அளக்குற வசதி இருந்தா, இதே மாடல் நல்லது ஒண்ண அளந்து ரெண்டையும் ஒத்துப் பாருங்க. இன்னொரு வழி காது. சின்ன மெஷினோட மாட்டி ஆன் பண்ணி டிரான்ஸ்டியூசர காது பக்கத்துல வச்சா டிக் டிக்னு மெல்லிசா கேக்கும், 200 கிலோஹெர்ட்ஸ் மனுசன் காதுக்கு கேக்காது, ஆனா ஒவ்வொரு தடவ அடிக்கிறதும் அப்படி கேக்கும். கேட்டா அனுப்புறது வேலை செய்யுது. பெரிய 1 கிலோவாட் வகைய மட்டும் காத்துல ஓட விடாதீங்க, தண்ணி இல்லாம அடிச்சா வில்லை சூடாகி கெட்டுப் போகும்.

50, 200னு ரெண்டு இருக்கே, எதுன்னு பிராஜெக்ட்ல கேப்பாங்க. 200 கிலோஹெர்ட்ஸ் டார்ச் லைட்ட குவிச்சி அடிச்ச மாதிரி, 20 டிகிரி கூம்புன்னு வச்சிக்கிட்டா 30 மீட்டர் ஆழத்துல அடியில சுமார் 10 மீட்டர் வட்டம் பார்க்கும். 50 கிலோஹெர்ட்ஸ் 45 டிகிரின்னா அதே ஆழத்துல 25 மீட்டர் வட்டம், ரொம்ப ஆழத்துக்கு எறங்கும், ஆனா பக்கம் பக்கமா இருக்குற ரெண்டு மீன ஒண்ணா காட்டிடும். நம்ம பக்கத்து ஆழத்துக்கு 200தான்.

கேள்வி: எஞ்சின் ஆஃப்ல இருந்தா படம் சுத்தம். ஸ்டார்ட் பண்ணா மணல் தூவுன மாதிரி புள்ளி. பாலத்துக்கிட்ட நெறைய போட் நிக்கறப்ப சாய்வு சாய்வா கோடு வேற வருது.
– வாசகர், கெலுகோர்

பதில்: ரெண்டும் வேற வேற கோளாறு. மொதல்ல சொன்னது எஞ்சின் கரன்ட் உள்ள பூர்றது. மெஷினுக்கு எஞ்சின் ஸ்விட்ச் போர்டுல இருந்து ஒயர் எடுத்திருந்தா அத கழட்டிட்டு நேரா பேட்டரியில இருந்து தனி ஒயரு, தனி ஃபியூஸ் போட்டு எடுங்க. டிரான்ஸ்டியூசர் கேபிள எஞ்சின் ஒயரோடயோ ரேடியோ ஆன்டெனா கேபிளோடயோ ஒரே கட்டா கட்டியிருந்தா பிரிச்சி போட்டோட எதிர் பக்கமா கொண்டு போங்க. பெட்ரோல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் ரெசிஸ்டர் வகையான்னு பாருங்க, இல்லன்னா அது மாத்தினாலே பாதி புள்ளி போயிடும். சாய்வு கோடு பக்கத்து போட்காரங்க மெஷின் அடிக்கிற சத்தம், அவங்களும் 200லதான் அடிக்கிறாங்க, செட்டிங்ல இன்டர்ஃபெரன்ஸ் ரிஜெக்ஷன்னு இருக்கும், அத ஒரு படி ஏத்துங்க, கூட்டத்த விட்டு வெளிய வந்ததும் எறக்கிடுங்க, இல்லன்னா சின்ன மீனையும் சேத்து அழிச்சிடும்.

கேள்வி: அப்பாவோடது மர போட், உள்ள டீசல் எஞ்சின். அடியில ஓட்டை போட்டு மாட்டின பிளாஸ்டிக் டிரான்ஸ்டியூசர். கொஞ்ச நாளா அடி மங்கலா தெரியுதுன்னு போட்ட மேல ஏத்தினப்ப, அதுல ஒட்டியிருந்த தெரித்திப்ப (ஓட்டோட கெட்டியா ஒட்டிக்கிற கடல் உயிரி) கத்தியால சுரண்டி, தின்னர் போட்டு துடைச்சி, போட்டுக்கு அடிக்கிற பெயின்டையே அது மேலயும் அடிச்சிட்டாரு. இப்ப சுத்தமா தெரியல, மூஞ்சியில வெடிப்பு இருக்கு. அப்பா ரொம்ப வருத்தப்படுறாரு. என்ன பண்ணலாம்?
– வாசகி, நிபோங் தெபால்

பதில்: மொதல்ல அப்பாகிட்ட சொல்லும்மா, அவரு தப்பு பண்ணணும்னு பண்ணல, மரத்துக்கு காலம் காலமா என்ன செஞ்சாரோ அதையே இதுக்கும் செஞ்சிருக்காரு, ஜெட்டியில பாதி பேரு அப்படித்தான் பண்றாங்க. தின்னர், அசெட்டோன் மாதிரி சாமானு அந்த பிளாஸ்டிக்க தின்னுடும். பெயின்டுலயும் கரைப்பான் கலந்தது அதே மாதிரிதான். டிரான்ஸ்டியூசருக்கு தண்ணியில கரைச்சி செய்யிற ஆன்டி ஃபவுலிங், அதாவது தெரித்திப் ஒட்டாம தடுக்குற பெயின்ட், மட்டும்தான் அடிக்கணும், அதுவும் மெல்லிசா பிரஷ்ல ஒரு பூச்சு.

வெடிப்பு வந்துட்டா உள்ள தண்ணி எறங்கியிருக்கும். கடைசியா ஒண்ணு பாருங்க, மெஷின்ல தண்ணியோட சூடு காட்டுற எண் இருக்கும். நம்ம கடல் 28ல இருந்து 31 டிகிரிக்குள்ள இருக்கும். அந்த எண் சரியா இருந்து அடி மட்டும் தெரியலன்னா கேபிள் பரவாயில்ல, வில்லைதான் போச்சு. அந்த எண்ணும் பைத்தியம் புடிச்ச மாதிரி ஏறி எறங்கினா கேபிளுக்குள்ளயும் தண்ணி. ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்களுக்கு மாத்தணும், இதுல நான் வேற வழி சொல்ல மாட்டேன்.

ஆனா பிளாஸ்டிக்க எடுத்துட்டு திரும்ப பிளாஸ்டிக் போட வேணாம். மரம் தண்ணியில ஊறி உப்பும், ஓட்டை இறுகும், அந்த இறுக்கத்துல பிளாஸ்டிக் தண்டு விரிசல் விட்டா போட்டுக்குள்ள தண்ணி வரும். மர போட்டுக்கு வெண்கலம்தான். அலுமினிய போட்டுக்குத்தான் வெண்கலம் ஆகாது, ரெண்டு உலோகமும் உப்பு தண்ணியில சண்டை போட்டு அலுமினியம் அரிச்சிடும், உங்களுக்கு அந்த பயம் இல்ல. உள்ள ஒட்டி வைக்கிற வகையும் யாராவது சொல்வாங்க, மரத்துல அது வேலை செய்யாது.

எடம் எங்கன்னா, மெதுவா தண்ணிய கிழிச்சிக்கிட்டு போற இந்த மாதிரி போட்டுக்கு தண்ணிக்கோட்டுல முன்மூக்குல இருந்து மூணுல ஒரு பங்கு பின்னால, நடு முதுகெலும்புல இருந்து 15ல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. பழைய ஓட்டை நல்ல எடத்துல இருந்தா அதையே வச்சிக்கலாம், மரம் மெத்துன்னு இருக்கான்னு ஸ்குரூடிரைவர் முனையால குத்திப் பாருங்க, உள்ள எறங்குச்சின்னா தச்சர மொதல்ல கூப்பிடுங்க. போட்டோட அடி சாய்வா இருக்கும், டிரான்ஸ்டியூசர் நேரா கீழ பார்க்கணும், அதனால சாய்வுக்கு ஏத்த மாதிரி அறுத்த கட்டை ஒண்ணு வெளியிலயும் ஒண்ணு உள்ளயும் வரும். ஓட்டையோட உள் சுவத்துல வெறும் மரம் தெரியும், அதுக்கு எபாக்ஸி பூசி காய விடுங்க. அப்புறம் கடலுக்குள்ள போடற பாலியூரித்தேன் சீலண்ட்ட விளிம்புலயும் மரையிலயும் தாராளமா தடவி மாட்டுங்க. 3எம் 5200ன்னு ஒண்ணு ஹார்ட்வேர் கடையில கெட்டியா புடிக்கும்னு கொடுப்பாங்க, அது நிரந்தரமா ஒட்டிக்கும், பின்னால கழட்டணும்னா மரமே பேந்து வரும், கழட்டக் கூடிய வகைய கேட்டு வாங்குங்க.

நட்ட முடுக்குறப்ப அப்பாவ அளவா முடுக்கச் சொல்லுங்க. மரம் தண்ணியில எறங்கி உப்பின பிறகுதான் கடைசி முடுக்கு. இந்த வேலைய தண்ணி வத்தி ஏறுற இடைவெளியில பண்ணிடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, சீலண்ட் காய நேரம் வேணும், ஓட்டையோட போட் நிக்கறப்ப தண்ணி ஏறினா போட்டே போயிடும், ஸ்லிப்வேல ஏத்தி நிதானமா பண்ணுங்க. எறக்கின உடனே உள்ள டார்ச் அடிச்சிப் பாருங்க, மொத நாள் முழுக்க மூணு மணி நேரத்துக்கு மேல பார்க்காம விடாதீங்க. கை வச்சா ஈரம் தெரியும், கண்ணுக்கு தெரியாது, அதனால விரல வச்சி நட்ட சுத்தி தடவிப் பாருங்க.

இனிமே தெரித்திப் புடிச்சா சட்டி கழுவுற சோப்பும் மெத்துன துணியும் போதும், ஒட்டிக்கிட்டு வரலன்னா 220 நம்பர் சேண்ட் பேப்பர தண்ணியில நனைச்சி லேசா தேய்ங்க. கத்தி வேணாம்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஒரு மெஷின் வாங்கினேன், டிரான்ஸ்டியூசர் இல்ல. வீட்டுல வேற கம்பெனி டிரான்ஸ்டியூசர் இருக்கு. ஜாலான் பாசார்ல பிளக் மாத்திக் கொடுப்பாங்களாம். தெமெங்கோர் ஏரிக்கு தோமான் மீன் புடிக்க கொண்டு போகணும்.
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: பிளக்க மாத்துறது சுலபம், உள்ள ஒத்துப் போகணும். கார்மின்ல 8 பின்னு, ஹம்மின்பேர்டுல 7, லோரன்ஸ்ல 9, ஃபுருனோல 10ன்னு பார்ப்பீங்க, ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் மாறும். பிளக் பொருந்திட்டாலும் மெஷின் அடிக்கிற அலைவரிசையும் வில்லையோட அலைவரிசையும் ஒண்ணா இருக்கணும், 83 கிலோஹெர்ட்ஸ்ல அடிக்கிற மெஷினுக்கு 50க்கு செஞ்ச வில்லைய போட்டா ஊமை மாதிரி உக்காந்திருக்கும். வாட்ஸும் பாருங்க, பெரிய மெஷின் சின்ன வில்லைய எரிச்சிடும். டிரான்ஸ்டியூசர் கேபிள்ல ஒட்டியிருக்குற பாகம் நம்பர எடுத்து மெஷினோட புக்குல இருக்குற பட்டியல்ல தேடுங்க, இருந்தா அடாப்டர் வாங்குங்க, இல்லன்னா பிளக்க வெட்ட வேணாம், வெட்டினா வித்தாலும் யாரும் வாங்க மாட்டாங்க.

மாட்டினதும் செட்டிங்ல மூணு எடம் தொடுங்க. டிரான்ஸ்டியூசர் வகை சரியா இருக்கா, டெமோ மோடு ஆஃப்ல இருக்கா, தண்ணி உப்பா நல்ல தண்ணியா. முன்ன வச்சிருந்தவரு கடலுக்கு வச்சிருந்தா உப்புலயே இருக்கும், நல்ல தண்ணியில சத்தம் கொஞ்சம் மெதுவா ஓடும், மாத்தாம விட்டா ஆழம் சில சதவீதம் கூட காட்டும். தெமெங்கோர் அணை கட்டினப்ப முழுகிப் போன மரமெல்லாம் இன்னும் தண்ணிக்குள்ள நிக்குது, அடியில இருந்து நட்டுக்கு நிக்குற கோட்ட பார்த்து மீன் கூட்டம்னு தூண்டில் போட்டுடாதீங்க, ஆனா அந்த மரத்துக்கு பக்கத்துலயே தனியா ஒரு வில்லு தெரிஞ்சா போடுங்க. படகு ஓடறப்ப பிராக்கெட் மேல மடங்குற மாதிரி வச்சிக்குங்க, அந்த மரத்துல இடிச்சா மடங்கி தப்பிச்சிடும்.